நீ என்பதும் நீங்கள் என்பதும்

கார்டன் ரீச் ரயில்வே குடியிருப்பில் வாழும் தாய் ஒருவர் சென்ற திங்கள் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மாமனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பேரனைக் காண வந்திருக்கின்றார். வந்த அன்றே, எட்டு வயதுப் பேரன் ஓடிச் சென்று அவர் மடியில் அமர்ந்து, ‘தாத்தா, நீ தண்ணீர் சாப்பிட்டாயா?’ என்று கேட்டிருக்கின்றான். பெரியவர் முகம் சுருங்கிவிட்டது. சிறுவனின் தந்தை கை நீட்டிவிட்டார். பதினைந்து நாள் தங்குவதாக வந்தவர் ஆறாம் நாளே மெயில் வண்டியில் ஊர் திரும்பிவிட்டார். அன்று முதல் பையன் வீட்டில் தமிழ் பேசுவதில்லை. தமிழில் கேட்டால் வங்காளத்தில் விடை சொல்லுகின்றான்; வற்புறுத்தினால் வாய் மூடிக்கொள்ளுகின்றான். தம் வளர்ப்பில் எங்கே பிழை நேர்ந்தது என்று அத்தாய் வினவுகின்றார்.

வளர்ப்பில் பிழை ஏதும் இல்லை என்பதே எமது கருத்து. அச்சிறுவன் மரியாதை தவறவில்லை. அவன் மொழிபெயர்த்தான்.

வங்காள மொழியில் முன்னிலைச் சொற்கள் மூன்று உள. ‘துயி’ என்பது மிக நெருங்கிய தோழரையும் தம்மினும் சிறியவரையும் அழைப்பது. ‘ஆப்னி’ என்பது ஆசிரியர், அயலார், அலுவலகத்து மேலோர் முதலியோரை அழைப்பது. இவ்விரண்டிற்கும் நடுவே ‘துமி’ என்று ஒன்று உண்டு. அதுவே வங்க இல்லங்களின் அன்புச் சொல். தாயும் துமி, தந்தையும் துமி, மடியில் வைத்துக் கதை சொல்லும் பாட்டனாரும் துமி. ஒரு வங்கச் சிறுவன் தன் தாத்தாவை ஆப்னி என்று அழைப்பானாயின், இவனுக்கு என்மீது என்ன மனத்தாங்கலோ என்று அக்கிழவர் கலங்குவார். நம் தமிழிலோ அவ்விடத்தில் இரண்டே சொற்கள் உள்ளன. துமி என்னும் நடுச்சொல்லைத் தமிழாக்க முயலும் குழந்தை அதை ‘நீ’யில் வைப்பதா, ‘நீங்க’ளில் வைப்பதா? அண்டை வீட்டுத் தோழர்கள் தத்தம் தாத்தாவிடம் கொஞ்சும் சொல் எதுவோ, அதற்கு நிகரென்று தனக்குத் தோன்றியதையே அவன் தன் தாத்தாவிடம் சொன்னான்.

‘தண்ணீர் சாப்பிட்டாயா’ என்பதும் அவ்வாறு வந்ததே. வங்காளத்தில் நீரையும் உண்பதாகவே சொல்வது வழக்கு. சோற்றுக்கும் நீருக்கும் ஒரே வினைச்சொல். சுருட்டுப் புகைக்கும் அதுவே. ‘கால்’ என்ற ஒரு சொல் நேற்றையும் நாளையையும் ஒருங்கே குறிக்கும். ஆகையால் இங்குள்ள நம் குழந்தைகள் நாளை பார்த்த திரைப்படத்தின் கதையைச் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வங்க வினைமுற்றில் ஆண்பால் பெண்பால் வேற்றுமை கிடையாது. எனவே ‘அக்கா வந்தான்’ என்கின்றனர். இவை அறிவின்மையால் வருபவை அல்ல. இரண்டு இலக்கணங்களை ஒரே தலையில் சுமப்பவர்களுக்கே இத்தகைய வழுக்கள் வாய்க்கும். ஒரே மொழி அறிந்த பிள்ளைக்கு இப்படித் தவறு செய்யவும் தெரியாது.

இன்னொன்றும் பெரியவர்கள் எண்ணிப்பார்த்தல் வேண்டும். நம் ஊர்களிலேனும் எல்லா இல்லங்களிலும் ‘நீங்கள்’தான் வழங்குகின்றதா? தாயை நீ என்றும் தந்தையை நீங்கள் என்றும் அழைத்து வளர்ந்தோர் நம்முள் எத்தனையோ பேர். அதனால் தாயின் மதிப்புக் குறைந்ததாக எவரும் முறையிடக் கேட்டிலோம். தெய்வத்தை நீ என்கிறோம். பண்டைப் புலவர் முடியுடை வேந்தரையும் நீ என்றே விளித்தனர். இவ்வாறு சொல்வதால் நீங்கள் என்பதைக் கைவிடலாம் என்று கொள்ளற்க. அதைப் பிள்ளைக்குக் கற்றுத் தரவே வேண்டும். ஆயினும், அறிந்தே அவமதித்தவனைத் திருத்தும் முறை வேறு. அன்பை வேறொரு மொழியின் வழியே கொண்டுவந்தவனைத் திருத்தும் முறை வேறு.

இச்சிறுவன் நாள்தோறும் கேட்கும் மொழிகளை எண்ணிப் பார்ப்போம். கார்டன் ரீச் ஹூக்ளி ஆற்றின் கீழ்க்கரையில் அமைந்தது. தென்கிழக்கு ரயில்வேயின் தலைமையகம் 1955ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் தொட்டு இங்கேயே இயங்கி வருகின்றது. அதற்கு முன் இது பெங்கால் நாகபுரி ரயில்வேயின் இருப்பிடம். அவ்விருப்புப்பாதை வால்டேர் வரை சென்றதனால் ஆந்திர மக்கள் பெருந்தொகையினராக இதன் பணிக்கு வந்தனர். ஆகவே குடியிருப்பின் மாடிப்படிகளில் தெலுங்கு, விளையாட்டுத் திடலில் வங்காளம், கடைத்தெருவில் இந்தி, சற்று நடந்து மெட்டியாபுரூஜ் எல்லையை எட்டினால் உருது, பள்ளியில் ஆங்கிலம். தமிழுக்கு எஞ்சிய இடம் வீட்டின் நான்கு சுவர்களே. அச்சுவர்களுக்குள்ளும் அதைப் பேசினால் அடி விழும் என்று ஒரு பிள்ளை அறிந்துகொண்டால் அவன் என் செய்வான்? ஐந்து மொழிகள் அவனைக் கடிந்துகொள்ளாமல் வாயிலில் காத்து நிற்கின்றன.

மெட்டியாபுரூஜ் என்றதும் ஒன்று நினைவிற்கு வருகின்றது. அயோத்தி நாட்டு நவாபு வாஜித் அலி ஷா, அரசிழந்து 1856இல் இவ்விடம் வந்தார். 1887இல் மறையும் வரை இங்கேயே வாழ்ந்தார். அவர் உடல் இங்குள்ள சிப்தைனாபாத் இமாம்பாராவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. அவரைச் சார்ந்து வந்த சமையற்காரரும் இசைவாணரும் கவிஞரும் பணியாளரும் ஆற்றங்கரையில் ஒரு சிறிய லக்னோவையே அமைத்துவிட்டனர். அவர்கள் கொணர்ந்த உருது ஏறத்தாழ நூற்றெழுபது ஆண்டுகள் கழிந்தும் அத்தெருக்களில் கேட்கின்றது. அம்மொழியைக் காத்தது அரசரின் ஆணை அன்று. தெரு முழுதும் அதைப் பேசுவோர் இருந்தனர். வழிபாட்டிடமும் கடையும் கவியரங்கும் அதனோடு கூடி இருந்தன. கார்டன் ரீச் தமிழர்க்கு அவ்வாறு ஒரு தெரு இல்லை. முருங்கைக்காயும் வாழையிலையும் தொடுத்த மல்லிகையும் வேண்டின் தென் கொல்கத்தாவில் உள்ள லேக் மார்க்கெட்டுக்குப் பேருந்து ஏறிச் செல்லுகிறோம். தெரு இல்லாதவர்கள் தெருவின் வேலையையும் வீட்டிலேயே செய்துகொள்ளுதல் வேண்டும். வேறு வழி யாம் காணவில்லை.

அதே 1856ஆம் ஆண்டில் மற்றொருவரும் இப்பக்கம் திரும்பி வந்தார். அவர் வந்தது சென்னையிலிருந்து. நம் பகுதியை அடுத்த கிதிர்ப்பூரில் இளமையைக் கழித்த மைக்கேல் மதுசூதன தத்தர், 1848இல் சென்னைக்குச் சென்று, அங்கே ஆசிரியராகவும் இதழாசிரியராகவும் எட்டாண்டுகள் வாழ்ந்தார். வங்காளத்தின் பெருங்கவியாகப் பின்னர்ப் போற்றப்பட்ட அவர், 1849இல் கல்கத்தா நண்பருக்கு ஒரு கடிதம் எழுதினார். தம் வங்காளம் விரைந்து மறந்துபோகின்றது என்றும், வங்க மொழியில் அமைந்த இராமாயணத்தையும் பாரதத்தையும் அனுப்பி உதவுமாறும் அதில் வேண்டிக்கொண்டார். சென்னைக்கு வந்து ஓராண்டு அளவில், இருபத்தைந்து வயது நிரம்பிய ஒரு புலவருக்கே இந்நிலை. அவர் அந்நாளில் தமக்கு எந்த இலக்கண நூலையும் கேட்கவில்லை. பிள்ளைப் பருவத்தில் தாயின் அருகிருந்து கேட்ட இரண்டு கதைகளையே கேட்டார். 1861இல் வெளிவந்த மேகநாதவதக் காவியம் அவ்விரண்டினுள் ஒன்றிலிருந்து பிறந்ததே. நம் ஊரில் தன் மொழியை இழக்க நேர்ந்த ஒரு வங்காளியின் அச்சமும், அவர் ஊரில் நம் பிள்ளைக்கு நேர்வதும் ஒன்றே என்று அண்டை வீட்டு வங்க அன்பர்களிடம் யாம் சொல்வதுண்டு. அவர்கள் உடனே உணர்ந்துகொள்ளுகின்றனர்.

ஆனால் தத்தர்க்கு அடித்தளம் முன்னரே இடப்பட்டிருந்தது. எட்டு வயதில் வாய் மூடிய பிள்ளைக்கு, இருபத்தைந்தாம் வயதில் கேட்டுப் பெறுதற்கு எக்கதை நினைவில் இருக்கும்? இதனால்தான் அத்தாயின் கடிதத்தை யாம் சிறிய செய்தியாக எண்ணவில்லை. பிழைபட்ட தமிழைப் பின்னர்த் திருத்தலாம். பேசாது விட்ட தமிழைத் திருத்துவது எங்ஙனம்?

அத்தாய்க்கு யாம் சொல்வது இது. முதலில், பிள்ளை வங்காளத்தில் விடை சொன்னால் சொல்லட்டும். நீங்கள் தமிழிலேயே தொடர்ந்து பேசுங்கள். அவன் விடையைத் தமிழில் ஒருமுறை இயல்பாகத் திருப்பிச் சொல்லி மேலே செல்லுங்கள். ‘ஜல் கேயேச்சி’ என்றால், ‘தண்ணீர் குடித்துவிட்டாயா, நல்லது’ என்றால் போதும். ‘குடித்தேன் என்று சொல்’ என்று நிறுத்தி வைக்க வேண்டா. அடுத்து, நீ, நீங்கள் என்பவற்றை அவனுக்கு விளக்குங்கள். மூன்று சொற்களை இடமறிந்து ஆளுகின்ற பிள்ளைக்கு இரண்டை ஆள்வது அரிதன்று. துயி முழுதும் நீ. ஆப்னி முழுதும் நீங்கள். துமியைத்தான் பங்கிட வேண்டும், அதில் தாத்தாவும் பாட்டியும் நீங்கள் பக்கம் சேர்வர் என்று சொன்னால் எட்டு வயதினன் விளையாட்டுப்போல் பிடித்துக்கொள்வான். மூன்றாவதாக, ஊருக்குச் சென்றுவிட்ட பெரியவர்க்கு மகனே விரிவாக எழுதட்டும். பேரன் சொன்னது எந்தச் சொல்லின் தமிழ் என்பதை அவர் அறிந்தால், தம் மடியில் வந்து அமர்ந்தது என்ன என்பதையும் அறிந்துகொள்வார். கடிதத்தைப் பேரனை எழுதச் சொல்லி மன்னிப்புக் கேட்க வைப்பது கூடாது. அவன் செய்த குற்றம் என்ன?

முன்னிலைச் சொல்லில் தோன்றும் இச்சிக்கல் உறவுச் சொல்லில் இன்னும் ஆழமாகின்றது. அது சிறுவர் பருவத்தில் தெரிவதில்லை. மக்கள் வளர்ந்த பிறகு ஒரு நாள் வீட்டையே உலுக்கிவிடுகின்றது.

மாமா என்ற சொல் இரு மொழியிலும் உண்டு. இரண்டிலும் தாயின் உடன்பிறந்தானையே குறிக்கும். வங்கத்தில் குழந்தைக்கு முதன்முதல் சோறூட்டும் நாளில், மாமனோ பாட்டனோ ஊட்டுவதே வழக்கம். நம்மிடையே காது குத்தும் நாளில் குழந்தை அமர்வது தாய்மாமன் மடியில். இவ்வளவு ஒற்றுமையைக் கண்டு மகிழ்ந்திருக்கும்போதே வழி பிரிகின்றது. வங்கத்தில் மாமனின் மகன் ‘மாமாத்தோ தாதா’, அதாவது அண்ணன். அவன் கையில் தங்கையர் போலவே உறவு கொண்டாடுவர். நம்மில் பல குலங்களில் மாமன் மகன் முறை மாப்பிள்ளை. மாமன் என்ற சொல்லின் உள்ளேயே மாமனார் இருக்கின்றார். அத்தை என்ற சொல்லின் உள்ளேயே மாமியார் இருக்கின்றார். வட நாட்டு உறவுமுறையும் தென்னாட்டு உறவுமுறையும் வெவ்வேறு அடிப்படையில் எழுந்தவை என்பதை ஐராவதி கார்வே அம்மையார் 1953இல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். நூலில் படிப்பதற்கு அது சுவையான செய்தி. இங்கே பிறந்து வளர்ந்த பெண்ணிடம், படிப்பு முடியும் தறுவாயில், ‘மாமா வீட்டில் கேட்கிறார்கள்’ என்று சொல்லும்போது அது செய்தி மட்டும் அன்று. அவளுக்கு அது தமையனை மணக்கச் சொல்வதாகவே படும்.

இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை யாம் அண்மையில் அறிய நேர்ந்தது. பெண் மறுத்தாள். ஊரார் நம் பண்பாட்டை இகழ்ந்தாள் என்றனர். தாயார், வங்காளத்துத் தண்ணீர் கெடுத்துவிட்டது என்று அழுதார். எமது தீர்ப்பை யாரும் கேட்கவில்லையாயினும் ஈண்டுச் சொல்லி வைக்கின்றோம்: அப்பெண் இகழ்ந்தாள் அல்லள். உறவை அவள் மிகுதியாகவே போற்றினாள். மாமன் மகனை உடன்பிறந்தானாகவே பதினெட்டு ஆண்டுகள் எண்ணியிருந்தாள். இந்து திருமணச் சட்டம் 1955, உடன்பிறந்தார் மக்கள் தமக்குள் மணத்தலை விலக்கிய போதே, வழக்கம் இடந்தரும் குலங்களுக்கு விலக்களித்தது. சட்டம் இடந்தருகின்றது, கட்டளையிடவில்லை. தமிழ்நாட்டிலும் 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி மணமான பெண்டிருள் நான்கில் ஒருவர் அளவிலேயே உறவில் மணந்தவர். அங்கேயே பெரும்பாலோர் வெளியில் மணம் முடிக்க, இங்குள்ள ஒரு பெண்மீது பண்பாட்டுச் சுமை முழுதையும் ஏற்றுவது என்ன நியாயம்? பிள்ளைகள் இங்கு வளர்வர் என்று நாம் முடிவு செய்தபோதே, இங்குள்ளோர் எதை நாணத்தக்கது என்று கருதுகின்றனரோ அதில் சிறிதேனும் அவர்கள் மனத்திலும் படியும் என்பதையும் ஏற்றுக்கொண்டவர்களாகிறோம்.

ஆயினும் வங்காளம் நம் உறவுமுறைக்குப் பகை என்று எவரும் கருதிவிடலாகாது. தந்தையின் தமையனை நாம் பெரியப்பா என்றும் தம்பியைச் சித்தப்பா என்றும் பிரித்து வழங்குவது போலவே, அவர்கள் ஜேட்டா என்றும் காகா என்றும் பிரிப்பர். தாயின் உடன்பிறந்தாள் அவர்க்கு மாஷி, தந்தையின் உடன்பிறந்தாள் பிஷி. நமக்குச் சித்தி பெரியம்மாவும் அத்தையும். இத்தனை நுட்பமாக உறவைப் பெயரிட்டழைக்கும் மக்களிடையே வாழ்வது நம் நற்பேறு. இரு வீட்டுப் பெயர்களையும் ஒருங்கே துடைத்தெறிவது ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்னும் இரண்டே சொற்கள். பெரியப்பாவும் அங்கிள், மாமாவும் அங்கிள், மேல்மாடியில் இருப்பவரும் அங்கிள், வாடகை வண்டி ஓட்டுபவரும் அங்கிள். இதைப் பற்றி வங்கப் பாட்டியர் நம்மினும் மிகுதியாக வருந்துகின்றனர். பிள்ளை காகா என்றால் கடிந்துகொள்ளும் தந்தையர் அங்கிள் என்றால் மகிழ்ந்து நிற்பதை யாம் பலமுறை கண்டுள்ளோம். அவர்களிடம் வாதிட்டுப் பயனில்லை என்பதையும் கண்டுள்ளோம்.

எழுத்தைப் பற்றி ஒன்று கூறி முடிப்போம். இருநூற்று நாற்பத்தேழு எழுத்து என்று கேட்டவுடனே பெற்றோரே அஞ்சிவிடுகின்றனர். பள்ளியில் வங்காளம் கற்கும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்தின் அரிய பகுதி முன்னரே தெரியும். மெய்யோடு உயிர் சேர்ந்தால் ஒரு குறி சேர்கின்றது என்பதே அது. எகர ஒலியின் குறி, பின்னால் ஒலித்தாலும் எழுத்திற்கு முன்னால் நிற்கும் விந்தையும், ஒகரக் குறி எழுத்தை இருபுறமும் அணைத்து நிற்பதும் இரு மொழியிலும் உண்டு. இரண்டும் பிராமியின் வழி வந்தவை அல்லவா? வங்காளத்தில் மனப்பாடம் செய்ய வேண்டிய கூட்டெழுத்துகள் எத்தனையோ; தமிழில் ஒரு புள்ளி அவ்வேலை முழுதையும் செய்து விடுகின்றது. பிள்ளைகள் தடுக்கி விழும் இடம் ஒன்றே. வங்காளத்தில் ககர வரிசைக்கு நான்கு எழுத்து உண்டு, தமிழில் ஏன் ஒன்று என்று கேட்பர். சொல்லின் முதலில் நின்றால் ஓர் ஒலி, ‘ங்’ எழுத்தின் பின் நின்றால் மற்றோர் ஒலி என்று காக்கையையும் தங்கையையும் காட்டி விளக்கினால் தெளிவர். மாலைதோறும் அரை மணி ஒதுக்கினால் ஒரு கோடை விடுமுறைக்குள் படிக்கத் தொடங்கிவிடுவர் என்பது எமது பழக்கத்தில் கண்டது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் பாடங்கள் இணையத்தில் கிடைக்கின்றன. அவற்றைத் துணையாகக் கொள்க. ஆனால் பிள்ளையைத் திரையின் முன் அமர்த்திவிட்டுத் தாம் எழுந்து செல்லும் பெற்றோர்க்கு அவை பயன்படா.

அன்பர்களிடம் இத்திங்கள் வேண்டுவது ஒன்று. உங்கள் இல்லத்துப் பிள்ளைகள் பாட்டன், பாட்டி, மாமன், அத்தை, சித்தப்பன் முதலியோரை எச்சொல்லால் அழைக்கின்றனர் என்பதை, அச்சொல் தமிழாயினும் வங்காளமாயினும் தெலுங்காயினும், ஒரு தாளில் எழுதிச் சங்கத்திற்கு அனுப்புங்கள். ஆச்சி, அப்பத்தா, அம்மாயி என்று ஊருக்கு ஊர் மாறும் பெயர்களையும் விடற்க. பிள்ளைகளே தம் கையால் எழுதினால் நன்று; எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் அப்படியே அனுப்பவும்.